நல்ல கைக்கு மஞ்சப்பை

பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு ஆர்லிக்ஸ் பாட்டிலுக்கு அடுத்தபடியாக அதிகம் வந்து சேர்வது ரப்பர் பந்துதான். சிரித்த முகம் வரைந்த மஞ்சள் பந்து. என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். "சும்மா அமுக்கிக்கிட்டே இருங்கண்ணே, கை தானா வந்துரும்." அமுக்குவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. பந்தை உள்ளங்கையில் வைத்ததும் விரல்கள் அதுபாட்டுக்கு மூடிக்கொள்ளும். மூடிய விரலைப் பிரிக்கத்தான் இடது கை வர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண் முதல் நாளே பந்துகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் குடுத்துருங்கப்பா. உங்க கைக்கு மூடத் தெரியும். திறக்கத்தான் சொல்லிக் குடுக்கணும்."

பக்கவாதத்தில் கை முதலில் துவண்டு தொங்கும். பலருக்குச் சில வாரங்களில் இறுக்கம் ஏறும். முழங்கை மடங்கும், மணிக்கட்டு உள்ளே சாயும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருளும். மடக்கும் தசைகள் ஜெயித்துவிடுகின்றன, நீட்டும் தசைகள் தோற்றுவிடுகின்றன. ஏற்கெனவே ஜெயித்தவனுக்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதனால் எனக்கு வந்த வீட்டுப்பாடம் வேறு. கையை மேசைமேல் வைத்து விரலைப் பிரி, மணிக்கட்டைத் தூக்கு, டம்ளரைப் பிடிப்பதற்கு முன்னால் டம்ளரை விடக் கற்றுக்கொள்.

ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் வலை நூல், தூண்டில் நரம்பு, தக்கை, ஈயம் விற்கிற சின்னக் கடை எனக்கு. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. விடிகாலையில் எழுந்தபோதே வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் லேசாகக் கோணியிருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. 108-ல் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்தவர்களுக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. எனக்கு அது முந்தின இரவு சாப்பிட்டுப் படுத்த நேரம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து அப்படிப்பட்ட சிலருக்கும் ஊசி போடுவதுண்டு. என் விஷயத்தில் அது நடக்கவில்லை.

தீவுக்காரர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ராமேசுவரம் பக்கமிருந்து ராமநாதபுரம் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். "விடியட்டும், ஒத்தடம் குடுத்துப் பாப்போம்" என்று உட்காருகிற நேரம் அந்த நாலரை மணியிலிருந்துதான் கழியும். முகம் ஒரு பக்கம் இறங்குகிறதா, இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிட வேண்டியதுதான். ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு விசாரிக்க முடியாது.

ஸ்கேனில் தெரிந்தது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு புள்ளி. இடது மூளையின் உள்ளே, மேலிருந்து கை கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் நெருக்கமாக இறங்குகிற இடத்தில் அடைப்பு. அந்த இழைகளில் பெரும்பாலானவை கீழே போய்ப் பக்கம் மாறுவதால் இடது மூளையில் அடைத்தது என் வலது கையை எடுத்துக்கொண்டது. காரணம் ரத்த அழுத்தம். அது எத்தனை வருடமாக உள்ளே இருந்ததோ, ஒரு தலைவலிகூடத் தரவில்லை.

"கை வருமா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரி கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல், என்னிடம் விரல்களை நீட்டச் சொன்னார். அப்புறம் கையை உடம்பை விட்டு விலக்கித் தூக்கச் சொன்னார். இரண்டும் கொஞ்சமாக அசைந்தன. அவர் முகம் ஏன் தெளிந்தது என்று பிறகுதான் விளங்கியது. நெதர்லாந்தில் 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. முதல் மூன்று நாளுக்குள் விரல் நீட்டலும் தோள் விலக்கலும் ஓரளவாவது இருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கொஞ்சமாவது கைத்திறன் திரும்பியிருந்தது. இரண்டும் இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். இதைக் கசப்பாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். எல்லாக் கையும் ஒரே மாதிரி திரும்பாது. "மனசு வச்சா எல்லாம் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், முடியாமல் போனவருக்கு மனசு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

செத்த மூளை செல் பிழைக்காது. பிறகு கை எப்படி வருகிறது? 2022 டிசம்பரில் பாம்பன் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள், புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் ரயில் எதுவும் மண்டபத்தைத் தாண்டவில்லை. அதற்காக ராமேசுவரத்துக்கு ஆள் வராமலா போனார்கள்? மண்டபத்தில் இறங்கி, பஸ்ஸும் வேனும் பிடித்து, ரோட்டுப் பாலம் வழியாக வந்து சேர்ந்தார்கள். மூளையும் அறுந்த இடத்தைச் சுற்றி, மிச்சமிருக்கும் வழிகளில் கட்டளையை அனுப்பப் பார்க்கிறது. ஒரு வித்தியாசம், மூளையில் ஆள் போகப் போக அந்த வழியே அகலமாகும். ஆள் போகாவிட்டால் இருக்கிற வழியும் ஒடுங்கும்.

இது அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவில் ராண்டால்ஃப் நூடோ என்ற ஆய்வாளரின் குழு 1996-ல் அணில் குரங்கு என்ற சின்னக் குரங்கினத்தை வைத்துச் செய்தது. மூளையில் கைக்கான பகுதியில் சின்ன அடைப்பை உண்டாக்கிச் சும்மா விட்டபோது, பாதிக்கப்படாத பக்கத்துப் பகுதியும் கைக்குச் செய்துவந்த வேலையை விட்டுவிட்டது. சின்னக் குழிகளிலிருந்து தீனி எடுக்கப் பழக்கிய குரங்குகளில் அந்தப் பகுதி நிலைத்தது, சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள்ளும் விரல்கள் நுழைந்துவிட்டன. ஆக, கையைச் சும்மா வைத்திருப்பது ஓய்வல்ல. சும்மா வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இடம் பறிபோகிறது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். கையைச் சும்மா வைத்திருக்கச் செய்பவர்கள் யார்? முதலாவது என் இடது கை. இரண்டாவது என் வீட்டார்.

இடது கைக்கு ரொம்ப அவசரம். வலது கை சட்டைப் பொத்தானைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் இடது கை போட்டு முடித்துவிடும். வீட்டார் அதைவிட வேகம். நான் டம்ளரை நோக்கிக் கையை நகர்த்தினால் என் வீட்டுக்காரி, "விடுங்க, நான் குடுக்குறேன்" என்று வாயில் வைத்துவிடுவாள். மகன் செருப்பை மாட்டிவிடுவான். பெரியக்கா பாம்பனிலிருந்து வந்து மீனை முள் எடுத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டியே விட்டாள், "என் தம்பி கஷ்டப்படக்கூடாது" என்று அழுதுகொண்டே. யாரைக் குறை சொல்ல? நம் வீடுகளில் பாசம் என்றால் அடுத்தவர் வேலையைப் பிடுங்கிச் செய்வதுதான்.

இப்படிச் சும்மா இருந்தே கை வேலையை மறப்பதை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளில் கண்டுபிடித்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பை அறுத்துவிட்டால் குரங்கு அந்தக் கையைத் தொங்கப் போட்டுவிடும். அசைக்கும் நரம்பு அப்படியே இருந்தும் அசைக்காது. முதலில் முயன்று தோற்று, மற்ற கையால் பிழைக்கப் பழகி, அப்புறம் அந்தக் கை இருப்பதையே விட்டுவிடுகிறது. நல்ல கையைக் கட்டிப் போட்டால், செத்துப் போனதாக நினைத்த கை வேலைக்கு வருகிறது. அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதம் பற்றி 1981-ல் பெரிய வழக்கே நடந்தது, அது தனிக் கதை. அந்த யோசனையை மனிதர்களிடம் சோதித்த பெரிய ஆய்வு 2006-ல் வந்தது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர். பயிற்சிக் குழுவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு, நலிந்த கைக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்வரை பயிற்சி எடுத்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அவர்கள் கை தெளிவாக முன்னேறியது, ஒரு வருடம் கழித்தும் அது நிலைத்திருந்தது.

நமக்கு உறைக்கு எங்கே போவது? ஜவுளிக்கடை மஞ்சப்பைதான். இடது கையை உள்ளே விட்டு மணிக்கட்டில் நாடாவால் தளர்வாகக் கட்டிவிடுவார் பிசியோ. தினமும் காலையில் கடையில் உட்கார்ந்திருக்கும்போது கட்டிக்கொள்வேன். நூல் வாங்க வந்தவர்கள், "என்ன மாமா, கையில அடிபட்டுருச்சா?" என்று நல்ல கையைப் பார்த்துத் துக்கம் விசாரிப்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, அப்புறம் ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பை கட்டியிருக்கும்போது நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது. வீட்டாருக்கும் பிசியோ ஒரு சட்டம் போட்டார்: "அப்பா ஒரு வேலையத் தொடங்கினா, மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. அதுக்குள்ள முடியலன்னா கேளுங்க, செஞ்சு குடுக்கவான்னு." என் வீட்டுக்காரிக்கு அந்த இருபது எண்ணுவது நான் செய்த எல்லாப் பயிற்சியையும்விடக் கஷ்டமாக இருந்தது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்தது எண்ணிக்கை. மறுவாழ்வு நிலையங்களில் எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு பயிற்சி வேளையில் நோயாளியின் கை உருப்படியான வேலை அசைவு செய்தது சராசரியாக 32 தடவை. மூளை மாறியதாகக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். பிசியோ வந்துபோகும் அரை மணி நேரத்தை நம்பிக்கொண்டிருந்தால் கை எழாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்குக் கடையே பயிற்சிக்கூடமானது. முதலில் பெரிய தக்கை, எடை கிடையாது, கை நிறையப் பிடிபடும். ஒரு கூடையிலிருந்து எடுத்துப் பக்கத்துக் கூடையில் விட வேண்டும். விடும்போது விரல் பிரிய வேண்டும், வீசக் கூடாது. அது சலித்ததும் சின்னத் தக்கை. அப்புறம் கூடையைத் தள்ளி வைத்து, உயர்த்தி வைத்து. அப்புறம் ஈயம். ஈயம் சிறிசு, வழுக்கும், கட்டைவிரல் ஒத்துழைக்காவிட்டால் எடுக்கவே முடியாது. தூண்டில் முள் பக்கம் மட்டும் போகவில்லை, விரல் நுனியில் உணர்ச்சி மந்தமாக இருக்கும்போது குத்தினால் தெரியாது. சூடும் அப்படித்தான், வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற கையை விட வேண்டும். சுலபமாக வந்துவிட்டால் அந்தப் பயிற்சியில் பிரயோசனம் இல்லை, சுத்தமாக வராவிட்டாலும் இல்லை. பாதிக்கு மேல் ஜெயிக்கிற, ஆனால் முக்க வைக்கிற வேலைதான் சரி.

கை நீட்டுகிறேன் என்று நான் உடம்பையே முன்னால் சாய்த்துக்கொண்டிருந்ததைப் பிசியோதான் கவனித்தார். முழங்கை மடங்கினபடியே இருக்கும், இடுப்பு குனியும், கை தக்கையைத் தொட்டுவிடும். பார்ப்பவர்களுக்குக் கை நீண்ட மாதிரி இருக்கும். ஒரு துண்டால் நெஞ்சை நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டினார். அன்றைக்குத்தான் கை எவ்வளவு தூரம் போகிறது என்பது தெரிந்தது. ஒரு சாணைத் தாண்டவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வலது கை விழுந்த தமிழனுக்கு முதல் அவமானம் இலையில்தான். இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள், அதுதான் தாங்காது. ஆனால் கையால் சோறு சாப்பிடுவதைப் போல முழுமையான கைப்பயிற்சி நான் பார்க்கவில்லை. விரலைப் பிரிக்க வேண்டும், பிசைய வேண்டும், ஐந்து விரலையும் குவிக்க வேண்டும், மணிக்கட்டைத் திருப்பி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், கட்டைவிரலால் தள்ள வேண்டும். நான் முதலில் இட்லித் துண்டில் தொடங்கினேன். பிறகு புட்டு. குழம்புச் சோறு ரொம்பக் கடைசியில் வந்தது. காரல் மீனுக்கு முள் எடுக்க இன்னும் இடது கைதான்.

விரல் கொஞ்சம்கூட அசையாதவர்கள் கண்ணாடிப் பயிற்சியைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் இல்லாத கை வலிக்காக 1990-களில் கொண்டுவந்த வழி அது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. மார்புக்கு நேராகக் கண்ணாடியை நிறுத்தி, நலிந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். நலிந்த கை அசைவதாகக் கண் சொல்லும், மூளை பாதி நம்பும். மோதிரம், கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் நல்ல கையிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிம்பம் பொய் என்று மூளை கண்டுபிடித்துவிடும். பீரோக் கண்ணாடி சரிப்படாது, தனியாக நிறுத்தக்கூடிய முகம் பார்க்கும் கண்ணாடி, முன்கை முழுக்கத் தெரிகிற அளவுக்கு.

நம் பக்கத்தில் பிசியோதெரபி என்றாலே "கரண்ட் வைக்கிறது" என்றுதான் பேச்சு. நான் கொஞ்ச நாள் போன ஒரு இடத்தில் கட்டிலில் படுக்க வைத்து, கையில் பட்டையை ஒட்டி, மெஷினைப் போட்டுவிட்டு ஆள் போய்விடுவார். மணி அடித்ததும் எழுந்து காசு கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கரண்டுக்கும் உபயோகம் உண்டு. அது விரலைத் தூக்கும் அதே நேரத்தில் நாமும் தூக்க முயல வேண்டும், கையில் ஒரு வேலையும் இருக்க வேண்டும். நோயாளி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் மூளைக்கு அதில் என்ன பாடம் கிடைக்கும்? எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான், சுகமாக இருக்கும், தப்பில்லை, ஆனால் வேலை செய்தது தேய்த்தவர் கை. புறா ரத்தம் தடவச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். புறாவும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

தோளை மட்டும் உயிரைப் போலக் காப்பாற்றுங்கள். கை துவண்டிருக்கும் காலத்தில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் வேலை செய்யாது, கையின் எடையே மூட்டை இறக்கிவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது, நலிந்த கையைப் பிடித்து எழுப்புவது இரண்டும் கூடாது. உட்கார்ந்தால் மடியில் தலையணை வைத்துக் கையை அதில் தாங்க வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் "எங்க, தூக்குங்க பாப்போம்" என்று கையை இழுத்துப் பரிசோதிப்பார்கள், அவர்களுக்கு ஆர்லிக்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு நாற்காலியைத் தூரமாகப் போடுங்கள். தோள் வலி வந்துவிட்டால் பயிற்சியே நின்றுபோகும். இறுகிய உள்ளங்கையைத் தினமும் பிரித்துச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வியர்வை தங்கி நாறும், புண்ணாகும். இறுக்கம் அதற்கும் விடாத அளவுக்குப் போனால் மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

மதியத் தூக்கத்துக்கு வெட்கப்பட வேண்டாம். பழகிய அசைவு தூக்கத்தில்தான் உறைகிறது. களைப்பும் இந்த நோயின் பாகம், சோம்பேறித்தனம் இல்லை. மனச்சோர்வும் அப்படியே, பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. எனக்கும் வந்தது. கடையைத் திறக்கவே பிடிக்காமல் கிடந்தேன். மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டேன், திறந்தேன். பிரஷர் மாத்திரையை மட்டும் "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தாதீர்கள், நல்லா இருப்பதே அதனால்தான். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். கருவாட்டுக் குழம்போடு வளர்ந்த நாக்குக்கு இது தண்டனைதான், வேறு வழியில்லை.

முதல் மூன்று மாதம் மூளை வேகமாகப் பழகுகிறது. அதற்காக முதல் இருபத்துநாலு மணி நேரத்திலேயே எழுப்பிக் கடுமையாகப் பழக்கக் கூடாது, அப்படிச் செய்ததில் பலன் குறைந்ததாக 2015-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மூன்று மாதம் போனால் வேகம் குறையும், நிற்காது. நியூயார்க்கில் பெட்ரோ பாக் இ ரீட்டா என்ற பேராசிரியருக்கு 1959-ல், 65 வயதில் பக்கவாதம் வந்தது. மருத்துவ மாணவனான மகன் ஜார்ஜ் அவரைத் தரையில் தவழவிட்டு, பாத்திரம் கழுவவிட்டுப் பழக்கினார். அவர் கல்லூரிக்குத் திரும்பிப் பாடம் எடுத்தார். சில வருடம் கழித்து மலை ஏறப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். மூளையைப் பார்த்தால் அந்தப் பழைய சேதம் அப்படியே பெரிதாக இருந்ததாம். அவருடைய இன்னொரு மகன் பால், மூளை மாறும் என்பதைச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர் ஆனார்.

என் கை முழுசாக வரவில்லை. கடையில் நூல் பண்டலை எடுத்துக் கொடுக்கும், சில்லறை எண்ணும், சாவி திருப்பும். கையெழுத்து கோணல். தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட வராது, வாங்குகிறவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது வந்து மாதங்கள் ஆகியிருந்தால் இதைப் பாருங்கள். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டிலிருந்து கை வெளியே தொங்கட்டும். மணிக்கட்டை 20 பாகையாவது, விரல்களை 10 பாகையாவது மேலே தூக்க முடிகிறதா? அந்த 2006 ஆய்வில் கை ஓரளவு நன்றாக இருந்தவர்களின் குழுவுக்குப் பார்த்த அளவு ஏறக்குறைய இதுதான். முடிந்தால் நல்ல கையைக் கட்டும் பயிற்சி பற்றிப் பிசியோவிடம் கேளுங்கள். முடியாவிட்டால் கண்ணாடியும் கரண்டும் பற்றிக் கேளுங்கள். அலைய முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊர் நர்ஸம்மாவிடமோ பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வந்தது அடைப்பா, ரத்தக் கசிவா, மூளையில் எந்த இடம் என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள்.